கழற்றி மாட்டும் ஹார்ட் டாப்: உதிரிபாகம் மாற்றுவது எப்படி

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு இருக்கைத் திறந்த கார். அதன் ஹார்ட் டாப்புக்கு, அதாவது கழற்றி மாட்டும் கெட்டியான கூரைக்கு, ரப்பர் பீடிங் (விளிம்பில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பட்டை) மொத்தத்தையும் புதிதாக வாங்கி, ஒரு முழு வார இறுதியைச் செலவழித்து மாட்டினேன். அடுத்த மழையிலேயே இருக்கைக்குப் பின்னால் கம்பளம் பழையபடி நனைந்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பீடிங்கில் குறையே இருந்திருக்கவில்லை. கூரையைக் காரோடு பூட்டும் லாட்ச்களில் ஒரு பக்கத்தது தளர்ந்திருந்தது. அதைவிட முக்கியமாக, இருக்கைக்குப் பின்னால் மழைநீர் இறங்கும் துளை அடைத்திருந்தது. ஒரு லாட்சைச் சரிசெய்து, துளையைச் சுத்தம் செய்திருந்தால் போதும்.

முதல் முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக, நான் தப்பும் தவறுமாகக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் எம்எக்ஸ்-5இல் இருந்து வரும். ஆனால் ஹோண்டா எஸ்2000, போர்ஷே பாக்ஸ்டர், மெர்சிடிஸ் எஸ்எல் என்று எந்தக் கழற்றும் கூரைக்கும் வேலையின் வரிசை இதுவே.

1. முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

ஹார்ட் டாப்பில் வரும் தொல்லைகள் மூன்று: தண்ணீர் கசிவது, கடகடவென்று சத்தம், காற்று விசிலடிப்பது. மூன்றுக்கும் எல்லோரும் முதலில் பழி போடுவது ரப்பர் மீது. ஆகவே எதையும் வாங்கும் முன் நான்கு சோதனைகளைச் செய்து பாருங்கள். எதற்கும் செலவில்லை.

காகிதச் சோதனை: ஒரு தாளை நீளமான பட்டையாகக் கிழித்து, கதவுக் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்துங்கள். தாளை இழுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தாராளமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. இப்படி ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு முறை சுற்றிலும் பாருங்கள்.

கைச் சோதனை: கூரையை மாட்டி எல்லா லாட்சையும் பூட்டிய பிறகு, பின்மூலைகளைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். அசைந்தால் பிரச்சினை பிடிப்பில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ரப்பரை மாற்றிப் பயனில்லை.

பவுடர் சோதனை: பீடிங் மீது லேசாக டால்கம் பவுடர் தடவி, கூரையை இறக்கிப் பூட்டி, மறுபடி தூக்குங்கள். காரின் உடலில் பவுடர் ஒட்டாத இடமே கசியும் இடம்.

வடிகால் சோதனை: இதைத் தவற விடாதீர்கள். திறந்த கார்களில் கேன்வாஸ் கூரை மடங்கும் இடத்தில் நீர் வடியும் குழாய்கள் உண்டு. எம்எக்ஸ்-5இல் அவை இருக்கைகளுக்குப் பின்னால், இரு பக்கமும் இருக்கின்றன. ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் காருக்கு அடியில் உடனே சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் இலைச் சருகும் மண்ணும் அடைத்திருக்கிறது. வளையும் மெல்லிய குழாய் ஒன்றை மென்மையாக உள்ளே செலுத்தி எடுங்கள். கம்பியால் குத்த வேண்டாம், உள்ளிருக்கும் குழாய் கிழிந்தால் தண்ணீர் நேராக உடலின் உட்பகுதிக்குப் போய்த் துரு பிடிக்க வைக்கும்.

2. ஆவணங்கள்: பார்ட் நம்பர் கிடைக்காமல் ஆர்டர் போடாதீர்கள்

ஒரு நோட்டோ, போனில் ஒரு கோப்போ தொடங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: காரின் 17 இலக்க சேசிஸ் நம்பர், தயாரிப்பு மாதமும் ஆண்டும், கதவு ஓரத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் இருக்கும் பெயின்ட் குறியீடு, கூரையின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளின் படம், கழற்றப் போகும் ஒவ்வொரு பாகத்தின் படம்.

இங்கே ஒரு பெரிய குழி உண்டு. ஹார்ட் டாப்கள் காரை விட்டுக் காருக்கு மாறிக்கொண்டே இருப்பவை. உங்கள் கார் ஒரு வருடத்தது, மேலே இருக்கும் கூரை வேறு வருடத்ததாக இருக்கலாம். எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறைக் கூரை இரண்டாம் தலைமுறைக் காருக்கும் பொருந்தும், திருப்பியும் அப்படியே. மூன்றாம் தலைமுறை வேறு. எனவே கூரையோடு வரும் பாகங்களுக்குக் கூரையின் வருடமும், காரின் உடலில் பதியும் தகடுகளுக்குக் காரின் வருடமும் பார்க்க வேண்டும். சேசிஸ் நம்பரை மட்டும் கொடுத்தால் கடைக்காரர் காருக்குரிய பாகத்தைத்தான் சொல்வார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

கூரை நிறுவனத்துடையதா, வெளியார் கண்ணாடியிழையில் வார்த்ததா என்பதையும் உறுதி செய்யுங்கள். வெளியார் கூரையின் விளிம்பு வளைவு சற்று வேறாக இருக்கும். நிறுவனத்தின் அச்சு பீடிங் அதில் மூலையில் வந்து நிற்காது. அதைச் செய்தவரிடமிருந்தோ, மீட்டர் கணக்கில் விற்கும் பீடிங்கில் அதே குறுக்குவெட்டு வடிவம் பார்த்தோதான் வாங்க வேண்டும்.

இடது, வலது என்பதிலும் கவனம் தேவை. பார்ட் பட்டியலில் இடது என்றால், இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்திருப்பவரின் இடது. காருக்கு முன்னால் நின்றுகொண்டு பார்த்தால் மாறிப்போகும். நான் பக்க லாட்ச் ஒன்றை அப்படித்தான் தவறாக ஆர்டர் செய்தேன். திருப்பி அனுப்பி மாற்றுவதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது.

பழைய பார்ட் நம்பர் புதிய எண்ணாக மாறியிருக்கலாம். எண் கிடைக்கவில்லை என்றதும் பாகமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாற்று எண் உண்டா என்று கேளுங்கள்.

3. செலவு: எதைப் புதிதாக, எதைப் பழையதாக

பட்ஜெட்டைக் கீழிருந்து மேலாகக் கணக்கிடுங்கள். வாஷர், புஷ் (அதிர்வைத் தாங்கும் சிறு ரப்பர் உறை), கிளிப், ஸ்க்ரூ ஆகியவை மலிவு. லாட்சும், அது போய்ப் பிடிக்கும் ஸ்ட்ரைக்கர் தகடும் நடுத்தரம். முழு பீடிங் செட் விலை உயர்ந்தது. பின்கண்ணாடி மாற்றுவதும் மொத்தக் கூரைக்கு பெயின்ட் அடிப்பதும் அதற்கும் மேலே. கோளாறும் பெரும்பாலும் மலிவான பக்கத்தில்தான் இருக்கும். அதனால்தான் முதல் படியை அவ்வளவு வற்புறுத்தினேன்.

ரப்பரை ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் அது இன்னொரு காரின் அளவுக்கு நசுங்கிப் பழகிவிட்டது. லாட்ச், தகடு, பிராக்கெட் போன்ற இரும்புச் சாமான்களைப் பழையதாகத் தாராளமாக வாங்கலாம். மரையும் ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

அனுப்பும் செலவை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நீளமான பீடிங்கை நேராகவோ பெரிய வளையமாகவோ அனுப்ப வேண்டும். சிறிய பெட்டியில் மடித்துத் திணித்தால் மடிந்த இடம் கடைசிவரை நேராகாது. பெட்டி வந்ததும் விற்பவர் சொல்லும் கெடுவுக்குள் திறந்து, பழையதன் பக்கத்தில் வைத்து நீளமும் குறுக்குவெட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் முதலில் வாங்கிய முன்பக்க பீடிங் மடிந்தே வந்தது. மாட்டும் நாள்வரை பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்ததால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது.

4. நாள் குறிப்பது

எல்லாப் பாகமும் கையில் வந்த பிறகே பழையதைக் கழற்றுங்கள். பாதி கழற்றிவிட்டு ஒரு கிளிப்புக்காகக் காத்திருப்பது மிகப் பெரிய சோதனை.

தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மழை வராத காலமாகப் பாருங்கள். இருபக்க அக்ரிலிக் டேப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒட்டும் இடம் சுமார் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருப்பது நல்லது. அத்தகைய டேப் ஒட்டிய 24 மணி நேரத்தில் பெரும்பகுதிப் பிடிப்பை அடையும், முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள்.

கழற்ற அரை நாள், சுத்தம் செய்ய அரை நாள், மாட்ட ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஸ்க்ரூ இருந்தால் இன்னும் ஒரு நாள்.

5. கூரையை இறக்குவது

எம்எக்ஸ்-5 கூரை சுமார் 20 கிலோ. எஸ்2000இன் அலுமினியக் கூரையும் ஏறத்தாழ அதே எடை. 1989 முதல் 2001 வரை வந்த மெர்சிடிஸ் எஸ்எல் கூரை அலுமினியமாக இருந்தும் 30 கிலோவைத் தாண்டும். எடையைவிடப் பெரிய சிக்கல் அதன் அகலம். தனியாகத் தூக்க வேண்டாம், பக்கத்துக்கு ஒருவர் கட்டாயம்.

வரிசை இதுதான். இரண்டு கதவுக் கண்ணாடிகளையும் முழுதாக இறக்குங்கள். பின்கண்ணாடியில் பனி நீக்கும் கம்பிகள் இருந்தால் அதன் ஒயர் இணைப்பைக் கழற்றுங்கள். நிறைய பேர் மறப்பது இதைத்தான். தூக்கும்போது ஒயர் இழுபட்டால் கண்ணாடியில் பற்றவைத்த முனை பெயர்ந்துவிடும். பிறகு பக்க லாட்ச், பின்பக்கப் பிடிப்பு, கடைசியாக முன்பக்க லாட்ச் என்று விடுவியுங்கள். டிக்கி மூடியின் மீதும் இருக்கைக்குப் பின்னுள்ள பெயின்ட் மீதும் தடித்த துணி விரியுங்கள். நேராக மேலே ஒரு சாண் தூக்கி, இருவரும் ஒரே வேகத்தில் காரின் பின்பக்கமாக நடங்கள்.

இறக்கிய கூரையைக் கண்ணாடி மீதோ பின் விளிம்பு மீதோ நிறுத்தாதீர்கள். பழைய மெத்தையில் கவிழ்த்து வைத்தால் உட்புறத்தில் வேலை செய்ய வசதியாகவும் இருக்கும்.

6. லாட்சும் தகடுகளும்

எம்எக்ஸ்-5இல் பிடிப்புகள் ஆறு: முன்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு. முன்பக்க லாட்ச்கள் கேன்வாஸ் கூரை மாட்டும் அதே கொக்கிகளில்தான் விழும். மற்ற கார்களில் எண்ணிக்கை மாறும்.

ஒரு லாட்சை மாற்றும் முன், பழையது இருந்த இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். பெரும்பாலான தகடுகளின் போல்ட் துளை நீள்வட்டமாக இருக்கும், சில மில்லிமீட்டர் நகர்த்த முடியும். அந்தக் கோடு இல்லாவிட்டால் புதிய தகட்டை எங்கே வைப்பது என்று தடவிக்கொண்டிருக்க வேண்டும்.

ஜப்பானியக் கார் என்றால் ஒரு விஷயம். அதில் இருக்கும் கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர அளவு. சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது, வழுக்கித் தலையை அரித்துவிடும். ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். துருப்பிடித்தவற்றுக்கு முந்தைய இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அவசரப்பட்டு நான் இரண்டு ஸ்க்ரூவின் தலையைச் சிதைத்தேன், அவற்றைத் துளையிட்டு எடுக்க ஒரு முழுப் பகல் ஆனது.

போல்ட்டை இறுக்கும் அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். ஹார்ட் டாப் விஷயத்தில் அதிக இறுக்கம்தான் அதிகச் சேதம் செய்கிறது. கண்ணாடியிழைக் கூரை என்றால் போல்ட்டுக்கு அடியில் அகலமான வாஷர் வையுங்கள், இல்லையேல் மேற்பூச்சு நட்சத்திரம்போல் வெடிக்கும். அலுமினியக் கூரையில் இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் மரையில் இறுகிப்போகாமல் காக்கும் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். இரு உலோகங்களும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரித்து, மரை பிடித்துக்கொள்ளும்.

லாட்சின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். மேடு பள்ளத்தில் வரும் கடகடச் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

7. ரப்பர் பீடிங்

எல்லாரும் அவசரப்படும் இடம் இது. வேலையின் உயிரும் இங்கேதான்.

புதிய பீடிங்கை முந்தைய நாளே பெட்டியிலிருந்து எடுத்து வெதுவெதுப்பான இடத்தில் விரித்துப் போடுங்கள். சுருட்டி வைத்த முறுக்கு தளரும்.

பழையதைக் கழற்றும்போது ஹேர் டிரையரால் சூடாக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். கத்தி வேண்டாம். மூலையில் அது எப்படி மடிந்து, எதன் மேல் எது ஏறியிருக்கிறது என்று படமெடுங்கள். பக்க பீடிங் பின் பீடிங்கோடு சேரும் இடத்தில் மேலிருப்பது எது, கீழிருப்பது எது என்பது முக்கியம். மேலிருந்து வரும் தண்ணீர் கீழே இருப்பதன் வெளிப்பக்கம் வழிய வேண்டும், ஓட்டுக் கூரையில் ஓடு அடுக்குவது போல. மாறிப் போட்டால் தண்ணீர் உள்ளே வரும், எவ்வளவு பசை போட்டாலும் நிற்காது.

பீடிங்கைப் பிடிக்கும் உலோகத் தண்டவாளத்தைத் தனியாகக் கழற்றித் துரு சுரண்டுங்கள். வளைந்திருந்தால் நேராக்குங்கள். பழைய பசையை முழுதாக எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு விரல் அகலம் பழைய பசை மிச்சமிருந்தாலும் புதிய ரப்பர் அங்கே மேடாக நிற்கும்.

மாட்டும்போது மூலையில் தொடங்கி, இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி வாருங்கள். எக்காரணம் கொண்டும் இழுக்காதீர்கள். இழுத்து மாட்டிய ரப்பர் அப்போதைக்குப் பொருந்தும், சில வாரத்தில் தன் நீளத்துக்குச் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். நடுவில் கொஞ்சம் மிச்சமாக வருவதுதான் சரி, அதைத் தள்ளித் தள்ளி உள்ளே அமர்த்துங்கள். வெட்ட வேண்டிய வகை என்றால் கடைசியில், ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக வைத்து வெட்டுங்கள்.

முடிந்ததும் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். பெட்ரோலியத்தில் செய்த கிரீஸும் வாசலினும் கூடாது. இப்போதைய பீடிங்குகள் பெரும்பாலும் இபிடிஎம் எனும் செயற்கை ரப்பர், எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கும்.

8. கண்ணாடியும் உள்துணியும்

கண்ணாடி யூரிதேன் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் அதை வீட்டில் தொடாதீர்கள், கண்ணாடி மாற்றுபவரிடம் கொடுங்கள். பனி நீக்கும் கோடு ஏதாவது அறுந்திருந்தால் மின்கடத்தும் பெயின்டால் நீங்களே தொட்டுச் சேர்க்கலாம். உள்துணி தொங்கினால் ஒட்டும் முன் அதன் பின்னால் பொடிந்திருக்கும் ஸ்பாஞ்சை முழுதாகத் துலக்கியெடுங்கள். பொடியின் மீது ஒட்டினால் ஒரு கோடைகூடத் தாங்காது.

9. திரும்ப மாட்டுவதும் சீரமைப்பதும்

கேன்வாஸ் கூரை உள்ளே மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் பின்கண்ணாடி உள்ளது என்றால் ஜிப்பைத் திறந்து சமமாகப் படுக்கவைத்து, மடிப்புக்குள் மென்மையான துண்டு ஒன்றை வையுங்கள். ஹார்ட் டாப் மாதக்கணக்கில் மேலே இருக்கும்போது கீழே அது மடிந்த இடத்திலேயே வெடித்துவிடும்.

கூரையை வைத்ததும் எல்லா லாட்சையும் பாதி மட்டும் பூட்டுங்கள். முன்னாலோ பின்னாலோ ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இறுக்கினால் மறுபக்கம் எங்கோ தூக்கிக்கொண்டு நிற்கும். இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

புதிய பீடிங் தடிமனாக இருப்பதால் கதவு சாத்தக் கடினமாக இருக்கும். கதவுக் கண்ணாடி பீடிங்கில் முட்டுவதுபோலவும் தோன்றும். உடனே கதவுக்குள்ளிருக்கும் கண்ணாடி நிறுத்தும் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். ரப்பர் அமர்வதற்கு இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். அதன் பிறகும் முட்டினால் மட்டும் தொடலாம். நான் அன்றே திருகினேன், ரப்பர் அமர்ந்ததும் கண்ணாடியில் காற்று விசிலடித்தது.

10. தண்ணீர்ச் சோதனை

ஒருவர் டார்ச்சோடும் டிஷ்யூவோடும் உள்ளே உட்காரட்டும். குழாயை மெதுவான ஓட்டத்தில் வைத்து, கீழிருந்து தொடங்குங்கள்: முதலில் பின் விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியாக முன் விளிம்பு. ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து நிமிடம். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, கசிவது எங்கே என்று தெரியாமல் போகும். உயரழுத்தப் பம்ப்பால் அடிக்க வேண்டாம், எந்தப் புதிய பீடிங்கும் அதற்குத் தாங்காது.

கசிந்தால் முதலில் லாட்சை ஒரு சுற்று சரிசெய்யுங்கள். அதன் பிறகுதான் ரப்பரைப் பாருங்கள்.

11. காகிதங்களும் பாதுகாப்பும்

பாகங்களின் பில்களையும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் காரின் ஆவணங்களோடு வையுங்கள். ஹார்ட் டாப்கள் திருட்டுக்கு ஆளாகும் பொருள், குறிப்பாக நிறுவனத்தின் அசல் கூரைகள். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் லாட்ச் என்றால், காருக்குள் நுழைந்தவர் கூரையை எளிதாகக் கழற்றி எடுத்துச் செல்ல முடியும். அந்த மாடலுக்குப் பூட்டுப் போல்ட் கிடைத்தால் போட்டுவிடுங்கள். கூரை வீட்டில் தனியாக வைத்திருக்கும்போதும் காப்பீட்டில் சேருகிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூரையைப் பழையதாக வாங்கியிருந்தால் விற்றவரிடமிருந்து கையொப்பமிட்ட ரசீது இல்லாமல் இருக்காதீர்கள்.

மாட்டிய இரண்டு வாரத்தில் எல்லா போல்ட்டையும் ஒரு முறை கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிபாருங்கள். புதிய ரப்பர் நசுங்கியதில் எதாவது ஒரு லாட்ச் தளர்ந்திருக்கும். என் காரில் அது வலது பின்பக்கம்.